டாப்சோன் ஒவ்வாமைக் கூட்டறிகுறி

டாப்சோன் ஒவ்வாமைக் கூட்டறிகுறி என்பது, தொழுநோய் முதலிய நாட்பட்ட தோல் நோய்களுக்கு வழங்கப்படும் டாப்சோன் என்னும் மருந்தை உட்கொள்வோருள் சிலருக்கு ஏற்படும் கடுமையான மருந்து ஒவ்வாமை ஆகும். காய்ச்சல், உடல் முழுவதும் பரவும் தோல் தடிப்பு, நெறி கட்டுதல் (நிணநீர்க் கணுக்கள் வீங்குதல்), கல்லீரல் அழற்சி ஆகிய நான்கும் இதன் முதன்மையான அறிகுறிகள். பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய நான்காவது வாரம் முதல் ஆறாவது வாரத்திற்குள் இது வெளிப்படுகிறது. டாப்சோனை உடனே நிறுத்திச் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் முற்றிலும் நலமடைகின்றனர். அறிகுறிகள் தோன்றிய பின்னரும் மாத்திரையைத் தொடர்ந்தால் கல்லீரல் செயலிழந்து உயிரிழப்பு நேரலாம்.

இந்த ஒவ்வாமையை மேலாண்மை செய்வதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தொழுநோயிலேயே, மருந்துக்குத் தொடர்பின்றி, காய்ச்சலும் தோல் சிவப்பும் தோன்றுவது வழக்கம். அது தொழுநோய் எதிர்வினை எனப்படும். எதிர்வினையின்போது மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. ஒவ்வாமையின்போது நிறுத்தாமல் இருக்கக் கூடாது. வெளித்தோற்றத்தில் ஒத்த இவ்விரண்டையும் பிரித்தறிவதே சிகிச்சையின் முதற்படி ஆகும்.

டாப்சோன் மருந்து

டாப்சோன் சல்போன் வகையைச் சேர்ந்த ஒரு செயற்கைச் சேர்மம். செருமனியின் பிரைபர்க் நகரில் எமில் புரோம், யாக்கோப் விட்மன் ஆகிய வேதியியலாளர்கள் 1908 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினர். அப்போது இதன் மருத்துவப் பயன் அறியப்படவில்லை. தொழுநோய்க் கிருமி தனக்குத் தேவையான போலிக் அமிலத்தை உருவாக்குவதை டாப்சோன் தடுக்கிறது. இதனால் கிருமியின் பெருக்கம் நிற்கிறது.

இன்று டாப்சோன் தனியாக அன்றி, ரிபாம்பிசின், குளோபசிமின் ஆகிய மருந்துகளுடன் கூட்டு மருந்துச் சிகிச்சையாக வழங்கப்படுகிறது. வயது வந்த ஒருவருக்கான அளவு பின்வருமாறு:

* ரிபாம்பிசின்: மாதம் ஒருமுறை 600 மி.கி.
* குளோபசிமின்: மாதம் ஒருமுறை 300 மி.கி., நாள்தோறும் 50 மி.கி.
* டாப்சோன்: நாள்தோறும் 100 மி.கி.

மாதத்திற்கு ஒருமுறை உண்ணும் மருந்துகளை நலவாழ்வுப் பணியாளர் முன்னிலையில் உண்ண வேண்டும். எஞ்சியவற்றை வீட்டில் உண்ணலாம். 28 நாட்களுக்குரிய மாத்திரைகள் ஒரே அட்டையில் அடைக்கப்பட்டு, அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகின்றன. கிருமி குறைவாக உள்ள வகைக்கு ஆறு மாதங்களும், மிகுதியாக உள்ள வகைக்குப் பன்னிரண்டு மாதங்களும் சிகிச்சை நீடிக்கும்.

வரலாறு

சல்போன் மருந்துகள் தொழுநோய்க்குப் பயன்படும் என்பது 1941 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை பேகட் மேற்கொண்ட புரோமின் சிகிச்சையால் தெரியவந்தது. புரோமின் ஊசி விலை உயர்ந்தது. அதன் அடிப்படைச் சேர்மமான டாப்சோனோ மலிவானது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில், ராபர்ட் காக்ரேன் 1940களின் பிற்பகுதியில் டாப்சோனை ஊசி மூலம் செலுத்திச் சிகிச்சை அளித்தார். இதனால் டாப்சோனை நேரடியாகப் பயன்படுத்திய தொடக்ககால இடங்களுள் ஒன்றாகச் செங்கல்பட்டு அமைந்தது. இம்மருத்துவமனை 1955 ஆம் ஆண்டில் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக மாறியது. வேலூருக்கு அருகே கரிகிரியில் சீபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டதும் அதே காலத்தில்தான்.

இந்தியாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஜான் லோவ், பின்னர் நைசீரியாவின் உசுவாக்கோலி தொழுநோய் நிலையத்தில் டாப்சோனை மாத்திரையாகக் கொடுத்து ஆராய்ந்தார். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் ஒருசிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் நெறிக்கட்டும் சேர்ந்து வருவதை 1949 இல் அவரும் அவருடைய உடனாய்வாளரும் பதிவு செய்தனர். 1951 இல் ஆல்டே, பார்ன்சு ஆகியோர் இதனைத் தனியொரு கூட்டறிகுறியாக விவரித்தனர்.

பின்னர் டாப்சோனை மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் வழக்கம் பல இடங்களில் ஏற்பட்டது. ஆனால் டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் தோன்றியிருப்பதை 1964 இல் மலேசியாவில் நடந்த ஆய்வு மெய்ப்பித்தது. தனி மருந்தும் குறைந்த அளவும் இதற்கு இடமளிப்பவை. எனவே உலக சுகாதார நிறுவனம் 1981 இல் கூடிய ஆய்வுக்குழுவின் பரிந்துரைப்படி கூட்டு மருந்துச் சிகிச்சையை அறிமுகப்படுத்தியது. இதில் முதல் நாளிலிருந்தே டாப்சோன் முழு அளவில் தரப்படுகிறது. இம்முறை பரவிய பின் ஒவ்வாமை பற்றிய பதிவுகள் அதிகரித்ததை ரிச்சர்டசு, சுமித் ஆகியோர் 1989 இல் சுட்டிக்காட்டி, நோயை உறுதிசெய்யும் வரையறையையும் வகுத்தனர். அவ்வரையறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஏற்படும் விதம்

உணவு ஒவ்வாமையில் சில நிமிடங்களிலேயே தடிப்பு எழுவதுண்டு. டாப்சோன் ஒவ்வாமை அவ்வகையைச் சேர்ந்ததன்று. இது டி-உயிரணுக்கள் வழியே நிகழும் தாமத வகை ஒவ்வாமை. அவ்வுயிரணுக்கள் மருந்தை அடையாளம் கண்டு பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகின்றன. ஆதலால் முதல் மாதம் எந்தத் தொல்லையும் தராத மாத்திரை இரண்டாம் மாதத்தில் ஒவ்வாமையை உண்டாக்குவது இயல்பே. "ஒரு மாதமாக இதைத்தானே சாப்பிடுகிறேன்" என்பது ஒவ்வாமை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மேலும், டாப்சோன் கல்லீரலில் ஐதராக்சிலமைன் என்னும் வினைத்திறன் மிக்க சேர்மமாக மாறுகிறது. இது உடற்புரதங்களுடன் இணைவது நோயெதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் காரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

யாருக்கு இது வரும் என்பதில் மரபணுவின் பங்கு பெரிது. சீனாவின் தொழுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு, எச்.எல்.ஏ.-பி 13:01 என்னும் மரபணு வடிவம் உடையோருக்கே இவ்வொவ்வாமை மிகுதியாக ஏற்படுவதைக் கண்டறிந்தது. அவ்வடிவம் சீனா, இந்தியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளின் மக்களிடம் வெவ்வேறு விழுக்காட்டில் காணப்படுகிறது. ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் அநேகமாக இல்லை. எனினும் இவ்வடிவம் உள்ள அனைவருக்கும் ஒவ்வாமை வருவதில்லை.

முன்னர் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2012 இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வின்படி, டாப்சோன் உட்கொள்வோரில் சுமார் 1.4 விழுக்காட்டினருக்கு இவ்வொவ்வாமை ஏற்படுகிறது. பதிவான நோயாளிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உயிரிழந்துள்ளார்.

அறிகுறிகள்

பெரும்பாலும் காய்ச்சலே முதலில் தோன்றும். உடல் சோர்வு, பசியின்மை, தலைவலி ஆகியன உடன் வரலாம். ஓரிரு நாட்களில் அரிப்புடன் கூடிய சிவந்த தடிப்புகள் எழுந்து உடல் முழுவதும் பரவும். முகம் வீங்குவதும் உண்டு. தடிப்பு முற்றினால் தோல் செதில் செதிலாக உரியும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டும். கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர் மஞ்சளாதல், வலப்புற விலாவின் கீழ் வலி ஆகியன கல்லீரல் பாதிக்கப்பட்டதைக் காட்டும்.

குருதிச் சோதனையில் இயோசினோபில் அணுக்கள் மிகுந்திருக்கலாம். கல்லீரல் நொதிகளின் அளவு உயர்ந்திருக்கும். சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம், இதயத் தசை ஆகியனவும் பாதிக்கப்படுகின்றன. வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றின் மென்சவ்வில் புண் ஏற்படுவதும், தோலில் கொப்புளங்கள் தோன்றுவதும் மிக அபாயமான அறிகுறிகள்.

1989 ஆம் ஆண்டு வரையறையின்படி, நோயை உறுதிசெய்யப் பின்வருவன பொருந்த வேண்டும்:

* டாப்சோன் தொடங்கிய எட்டு வாரங்களுக்குள் அறிகுறிகள் தோன்றி, மருந்தை நிறுத்தியபின் மறைதல்
* காய்ச்சல், நெறிக்கட்டு, உடல் தழுவிய தடிப்பு, கல்லீரல் அழற்சி ஆகிய நான்கில் இரண்டேனும் இருத்தல்
* உடன் உட்கொண்ட வேறு மருந்து காரணமாக இல்லாதிருத்தல்
* தொழுநோய் எதிர்வினை காரணமாக இல்லாதிருத்தல்
* இவ்வறிகுறிகளைத் தரும் வேறு நோய் இல்லாதிருத்தல்

நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், மருந்தை நிறுத்தியபின் அறிகுறிகள் மறையும்வரை காத்திருந்து முடிவு செய்ய இயலாது. ஐயம் எழுந்த உடனே டாப்சோனை நிறுத்துவதே நடைமுறை.

தொழுநோய் எதிர்வினையிலிருந்து வேறுபடுத்துதல்

தொழுநோய் எதிர்வினை என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தொழுநோய்க் கிருமிக்கு எதிராகத் திடீரெனக் கிளர்ந்தெழுவதால் ஏற்படுவது. சிகிச்சைக்கு முன்னரும், சிகிச்சையின்போதும், சிகிச்சை முடிந்த பின்னரும் இது நேரலாம். இதில் இரண்டு வகைகள் உள்ளன.

முதல் வகை: முன்பே இருந்த தேமல் சிவந்து தடித்து வீங்கும். நரம்புகள் வலிக்கும். கை விரல்களோ பாதமோ திடீரென வலுவிழக்கலாம். காய்ச்சல் பெரும்பாலும் இராது.

இரண்டாம் வகை: கிருமி மிகுந்தவர்களுக்கு வருவது. முகம், கை, கால்களில் தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள் தோன்றும். காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவத்தல் ஆகியன உடன் வரும். மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் வரக்கூடியது.

டாப்சோன் ஒவ்வாமையைக் காட்டும் குறிப்புகள்:

* காலம்: மாத்திரை தொடங்கி நான்கு முதல் எட்டு வாரங்கள்.
* இடம்: தேமல் உள்ள இடம், இல்லாத இடம் என்ற வேறுபாடின்றி உடல் முழுவதும் தடிப்பு.
* உணர்வு: எதிர்வினையில் வலி மிகுதி, ஒவ்வாமையில் அரிப்பு மிகுதி.
* நரம்பு: எதிர்வினையில் நரம்பு வலியும் புதிய தளர்ச்சியும் உண்டு, ஒவ்வாமையில் இவை இயல்பாக இல்லை.
* கல்லீரல்: மஞ்சட்காமாலை ஒவ்வாமையின் பக்கம் சுட்டுகிறது.

இவற்றுள் எந்தக் குறிப்பும் தனித்து நின்று தீர்ப்பளிக்காது. அனைத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும். இரண்டு நிலைகளுக்கும் பிரெட்னிசொலோன் என்னும் அழற்சி அடக்கி மருந்தே பெரும்பாலும் வழங்கப்படுவதால், பிழையான கணிப்பு சில நாட்கள் வெளியே தெரியாமலும் போகலாம். காய்ச்சல் தணியும், சிவப்பும் குறையும். ஒவ்வாமையை எதிர்வினை எனக் கருதி டாப்சோனையும் தொடர்ந்திருந்தால், உள்ளே கல்லீரல் பாதிப்பு வளர்ந்துகொண்டிருக்கும். மாறாக, எதிர்வினையை ஒவ்வாமை எனக் கருதி எல்லா மாத்திரைகளையும் கைவிட்டால் கிருமி மீண்டும் பெருகும். எதிர்வினையைக் கவனிக்காது விட்டால் நரம்பு நிலையாகச் சேதமடைந்து, விரல் மடங்குதல் போன்ற ஊனம் ஏற்படும்.

ஒவ்வாமை அல்லாத விளைவுகள்

"மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்னும் ஒரே சொற்றொடரால் மக்கள் குறிப்பிடும் பலவும் ஒவ்வாமை அல்ல. கீழ்க்காண்பவற்றுக்காக நோயாளி தாமாகச் சிகிச்சையை நிறுத்தலாகாது.

* ரிபாம்பிசின் உண்ட நாளில் சிறுநீர் செந்நிறமாதல். இது மருந்தின் நிறமே. மஞ்சட்காமாலையின் அடர் மஞ்சள் நிறம் நாள்தோறும் நீடிக்கும். கண்ணிலும் மஞ்சள் தெரியும்.
* குளோபசிமினால் தோல் கருஞ்சிவப்பாதல். சிகிச்சை முடிந்தபின் சில மாதங்களில் இது படிப்படியாக மறையும். அயலார் கேட்கும் கேள்விகளுக்கு அஞ்சியே பலர் மாத்திரையைக் கைவிடுகின்றனர். ஆதலால் தொடக்கத்திலேயே இதனைச் சொல்லிவைப்பது இன்றியமையாதது.
* குளோபசிமினால் தோல் வறண்டு அரித்தல். கை கால்களைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, ஈரம் உலருமுன் தேங்காய் எண்ணெய் தடவினால் குறையும். தடிப்போ காய்ச்சலோ இராது.

டாப்சோனுக்கு ஒவ்வாமை அல்லாத, ஆயினும் கவனிக்க வேண்டிய விளைவுகளும் உண்டு. இம்மருந்தால் சிவப்பணுக்கள் சற்று விரைவாகச் சிதைகின்றன. ஜி-6-பி.டி. என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இது கடும் குருதிச்சோகையாக மாறலாம். குருதியின் ஒரு பகுதி உயிர்வளியைச் சுமக்க இயலாத மெத்தீமோகுளோபினாக மாறுவதால் உதடும் நகமும் நீலம் பூக்கலாம். வெள்ளணுக்கள் திடீரெனக் குறைந்து தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வருவது அரிது; ஆனால் அபாயமானது. இவை தோன்றினால் உடனடியாக மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மேலாண்மை

முதல் நடவடிக்கை

மாத்திரை தொடங்கிய முதல் இரு மாதங்களில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால், அன்றைய டாப்சோன் மாத்திரையை உண்ணாமல், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அட்டையில் எத்தனை மாத்திரைகள் எஞ்சியுள்ளன என்பதிலிருந்து மருந்து தொடங்கிய நாளை மருத்துவர் கணக்கிட முடியும். காய்ச்சலுக்கென உண்ட பிற மாத்திரைகள், நாட்டு மருந்துகள் ஆகியவற்றையும் மறைக்காமல் கூற வேண்டும். மருந்துக் கடையில் தாமாகவே பிரெட்னிசொலோன் வாங்கி உண்பது நோயை மறைக்கும்.

மருத்துவமனையில்

ஒவ்வாமை என ஐயம் எழுந்தால் டாப்சோன் மட்டுமன்றி, ரிபாம்பிசினும் குளோபசிமினும் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன. ரிபாம்பிசினும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், கல்லீரல் தேறும்வரை இந்த இடைவெளி தேவைப்படுகிறது. குருதியணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனைகள் செய்யப்பட்டு மீண்டும் மீண்டும் கண்காணிக்கப்படுகின்றன. உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பது அவசியம்.

கடுமையான நிலையில் பிரெட்னிசொலோன், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 மி.கி. என்ற அளவையொட்டித் தொடங்கப்படுகிறது. இதனை விரைவாகக் குறைக்கலாகாது. டாப்சோன் குருதிப் புரதங்களுடன் பிணைந்தும், பித்தநீர் வழியே குடலுக்குச் சென்று மீண்டும் உறிஞ்சப்பட்டும், நிறுத்திய பின்னரும் ஒரு மாதம்வரை உடலில் தங்கக்கூடியது. பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்தினால் எஞ்சியுள்ள மருந்து ஒவ்வாமையை மீண்டும் கிளப்பும். எனவே பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. இக்காலத்தில் குருதிச் சர்க்கரை, குருதியழுத்தம், தொற்று ஆகியன கவனிக்கப்பட வேண்டும்.

நலமடைந்து சில மாதங்களுக்குப் பின் சிலருக்குத் தைராய்டு சுரப்பு குறைவதுண்டு. ஆகவே தைராய்டுச் சோதனையும் பரிந்துரைக்கப்படுகிறது.

தொழுநோய்ச் சிகிச்சையைத் தொடர்தல்

ஒவ்வாமை தீர்ந்தாலும் தொழுநோய் தீரவில்லை. கல்லீரல் தேறியபின் ரிபாம்பிசினும் குளோபசிமினும் மருத்துவர் கண்காணிப்பில் மீண்டும் தொடங்கப்பட்டு, உரிய மாதங்கள் முழுவதும் தரப்படுகின்றன. டாப்சோன் மட்டும் மீண்டும் தரப்படுவதில்லை. "சிறிதளவு கொடுத்துப் பார்ப்போம்" என்னும் சோதனைக்கு இங்கு இடமில்லை. மறுமுறை தரும்போது ஒவ்வாமை முதல்முறையினும் விரைவாகவும் கடுமையாகவும் வரலாம்.

கிருமி குறைந்த வகைக்கு முன்பு ரிபாம்பிசினும் டாப்சோனும் மட்டுமே தரப்பட்டு வந்தன. டாப்சோனை நிறுத்தினால் ரிபாம்பிசின் தனித்து நின்றுவிடும் என்பதால், குளோபசிமினைச் சேர்க்க வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் இரு வகையினருக்கும் மூன்று மருந்துகளையே பரிந்துரைத்தது. இந்தியாவிலும் 2025 முதல் அம்முறை ஏற்கப்பட்டுள்ளது. ரிபாம்பிசினே ஒவ்வாத அரிய நிலையில் ஆப்லாக்சசின், மினோசைக்கிளின் போன்ற மாற்று மருந்துகள் குளோபசிமினுடன் 24 மாதங்கள் தரப்படுகின்றன.

பழனி மலைப் பகுதியில்

மருத்துவ நிலையத்திலிருந்து தொலைவில் வாழும் நோயாளிக்கு இவ்வொவ்வாமை எத்தகைய இடரைத் தரும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலைத்தொடர் நல்ல எடுத்துக்காட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் இம்மலைத்தொடரில், கொடைக்கானல் சுமார் 2,133 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், தாண்டிக்குடி முதலிய ஊர்களும், பளியர் முதலிய பழங்குடியினரின் குடியிருப்புகளும் மலையில் சிதறிக் கிடக்கின்றன. கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உள்ளது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அடையத் திண்டுக்கல், தேனி, மதுரை என மலையிறங்கியே செல்ல வேண்டும்.

மாத்திரை அட்டை 28 நாட்களுக்குரியது. ஒவ்வாமையோ பெரும்பாலும் நான்காவது வாரத்திற்கும் ஆறாவது வாரத்திற்கும் இடையில் வருவது. அதாவது, நோயாளி இரண்டாவது அட்டையை வாங்கிக்கொண்டு "எந்தத் தொல்லையும் இல்லை" என்று கூறி வீடு திரும்பிய பிறகே ஒவ்வாமை தொடங்கும் வாய்ப்பு மிகுதி. அடுத்த சந்திப்புக்குள் நோய் முற்றிவிடும். எனவே முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அருகில் இருப்பவர் மருத்துவர் அல்லர். நோயாளியும் அவர் வீட்டாரும், ஊரிலுள்ள நலவாழ்வுப் பணியாளருமே. முதல் அட்டையைத் தரும்போதே எச்சரிக்கைக் குறிகளைச் சொல்வதும், இரண்டாவது அட்டையைத் தரும்போது மீண்டும் சொல்வதும் இதனால்தான் அவசியமாகின்றன.

மலையூர்களில் மூன்று தவறான விளக்கங்கள் எளிதில் எழலாம். முதலாவது, குளிர் மிகுந்த மாதங்களில் வரும் காய்ச்சலைக் குளிர்க்காய்ச்சல் எனக் கொள்வது. இரண்டாவது, காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வருவதால் அம்மை எனக் கருதி, வேப்பிலை வைத்து வீட்டிலேயே கிடத்துவது. தமிழகமெங்கும் உள்ள இவ்வழக்கத்தில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்குவோர் இன்றும் உண்டு. மூன்றாவது, மூச்சு வாங்குவதை மலையேற்றத்தின் களைப்பாகக் கொள்வது. கொடைக்கானலின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மூச்சில் கிடைக்கும் உயிர்வளியும் அவ்வாறே குறையும். டாப்சோனால் குருதிச்சோகையோ மெத்தீமோகுளோபினோ ஏற்பட்டிருந்தால் அதன் தாக்கம் அங்கு கூடுதலாக உணரப்படலாம்.

மலையடிவாரத்தில் உள்ள பழனி, சித்தர் போகருடன் இணைத்துப் பேசப்படும் ஊர். அங்குள்ள முருகன் திருவுருவம் நவபாடாணத்தால் ஆனது என்பதும், அதன் மீது சாத்தப்பட்ட பொருள்கள் பிணி நீக்கும் என்பதும் மக்களின் நம்பிக்கை. சித்த மருத்துவ மரபும் இப்பகுதியில் வேரூன்றியது. ஆகவே தோல் நோயுடையோர் அரசு மாத்திரையையும் நாட்டு மருந்தையும் ஒருங்கே உண்ணும் வாய்ப்பு உண்டு. கண்டிப்புக்கு அஞ்சி இதனை மறைத்தால் எந்த மருந்தால் ஒவ்வாமை வந்தது என்பதைக் கண்டறிய இயலாது. கேட்பவர் கடிந்துகொள்ளாமல் கேட்டால்தான் சொல்பவர் மறைக்காமல் சொல்வார்.

தொழுநோய் குறித்த சமூக ஒதுக்கமும் இதனுடன் சேர்கிறது. நோயை அண்டை வீட்டாரிடம் மறைத்து மாத்திரை உண்பவர், தடிப்பு வெளியே தெரியும்போது வெளியில் வரத் தயங்குவார். இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் கீழ் குறைந்துவிட்டதாக 2005 ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். நோய் அரிதாகும்போது, அதன் மருந்தால் வரும் ஒவ்வாமையைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களும் பணியாளர்களும் குறைகின்றனர்.

தடுப்பு

சிகிச்சை தொடங்குமுன், சல்பா வகை மருந்துகளால் முன்பு ஒவ்வாமை ஏற்பட்டதா என்பதைக் கேட்டறிய வேண்டும். குருதியணுக்கள், கல்லீரல் ஆகியவற்றின் தொடக்க நிலையையும், வசதியுள்ள இடங்களில் ஜி-6-பி.டி. நொதியின் அளவையும் சோதித்து வைத்துக்கொள்வது நன்று.

மரபணுச் சோதனை மேலும் உறுதியான வழியாகும். சீனாவில் எச்.எல்.ஏ.-பி 13:01 இல்லாத 1,200க்கும் மேற்பட்ட தொழுநோயாளிகளுக்கு மட்டும் டாப்சோன் அளித்துக் கண்காணித்தபோது, ஒருவருக்குக்கூட இவ்வொவ்வாமை ஏற்படவில்லை என 2019 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இச்சோதனை ஊரக மருத்துவ நிலையங்களில் கிடைப்பதன்று. ஆகவே முதல் இரு மாத விழிப்பே பெரும்பாலோருக்கு இன்றுள்ள பாதுகாப்பு.

ஒருமுறை ஒவ்வாமை வந்தவர், "டாப்சோன் தரக் கூடாது" என எழுதிய மருத்துவக் குறிப்பை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். டாப்சோன் தொழுநோய்க்கு மட்டுமன்றி வேறு பல நோய்களுக்கும் தரப்படுவதால், பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மருத்துவர் அறியாமல் எழுதித்தர நேரலாம். இத்தகைய நிகழ்வுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்குத் தெரிவிக்கலாம். 2010 இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருத்துவர்கள் மட்டுமன்றி, நோயாளிகளும் தெரிவிக்கலாம்.

பிற தோல் நோய்களில்

கொப்புளத் தோலழற்சி வகைகள் சிலவற்றுக்கும் டாப்சோன் வழங்கப்படுகிறது. அவற்றிலும் இதே ஒவ்வாமை ஏற்படலாம். அந்நோய்களே தடிப்பையும் கொப்புளத்தையும் தருவன என்பதால், நோய் முற்றியதா, மருந்து ஒவ்வவில்லையா என்னும் ஐயம் அங்கும் எழுகிறது.

உண்ணும் மருந்துகளில் மட்டுமன்றி, பூசும் மருந்துகளிலும் ஒவ்வாமை உண்டு. உணர்விழந்த பாதத்தில் ஆறாத புண்ணுக்கு நெடுநாள் நியோமைசின் களிம்பு பூசுவோருக்கு, அக்களிம்பே தொடு ஒவ்வாமையை உண்டாக்கிப் புண்ணைச் சுற்றிச் சிவப்பையும் அரிப்பையும் தரலாம். புண் பெரிதாகிறது எனக் கருதி மேலும் களிம்பு பூசினால் நிலை மோசமாகும். நாட்பட்ட தோல் நோயில் புதிய மாற்றம் எதுவாயினும், நோய் வளர்ந்ததா, மருந்து ஒவ்வவில்லையா என்னும் இரண்டையும் ஒருங்கே கேட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* தொழுநோய்
* டாப்சோன்
* கூட்டு மருந்துச் சிகிச்சை
* ஒவ்வாமை
* பழனி மலைத்தொடர்